வகுப்பில் நடந்ததை எழுதி வையுங்கள், டீச்சர்!

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஆசிரியர்கள் ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கி வகுப்பில் நடப்பதை எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஆதரவாக வந்த கடிதங்களைவிடக் கோபமாகவும் சந்தேகமாகவும் வந்தவைதான் அதிகம். பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதை எடுத்துக்கொண்டு இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: பாடக்குறிப்பு எழுதுகிறேன், பதிவேடுகள் எழுதுகிறேன், எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் வருகையிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றுகிறேன், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம்கூட நான்தான் எழுதுகிறேன். இதற்கு மேல் வலைப்பூவும் எழுது என்கிறீர்களே, உங்களுக்கே நியாயமாக இருக்கிறதா?
– இடைநிலை ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கோபம் நியாயம்தான் டீச்சர். ஆனால் நீங்களே போட்ட பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். அத்தனையும் யாரோ கேட்டு நீங்கள் எழுதிக் கொடுப்பது. பள்ளி விட்டு பஸ்ஸில் வரும்போது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்தப் பையன் ஏன் அப்படி எழுதினான் என்று, அதை எழுத அந்தப் பதிவேடுகள் எதிலும் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், மூன்றாம் வகுப்பு எடுத்த எவருக்கும் தெரிந்ததுதான். 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளை. தப்பு என்று சுழித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது கவனக்குறைவு இல்லை. இரண்டிலிருந்து எட்டு போகாது, சரி, எட்டிலிருந்து இரண்டு போகுமே, ஆறு. ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று நாம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதியை அந்தப் பிள்ளை அப்படியே, நேர்மையாக, இங்கேயும் பின்பற்றியிருக்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் இப்படிப்பட்ட கழித்தல் தவறுகளை ஆராய்ந்து, பிள்ளைகள் பல நேரம் தப்புத்தப்பாகச் செய்வதில்லை, தப்பான ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று காட்டினார்கள். அவர்கள் கணினி வைத்துக் கண்டுபிடித்ததை நீங்கள் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கண்டுபிடித்திருப்பீர்கள். என்ன வித்தியாசம் என்றால் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1987-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆசிரியத் தொழிலைப் பிடித்திருக்கும் மறதியைப் பற்றி வருத்தப்படுகிறார். கட்டடம் வடிவமைப்பவருக்கு வரைபடமும் கட்டடமும் மிஞ்சுகிறது, வக்கீலுக்குப் பழைய தீர்ப்புகள் இருக்கின்றன, டாக்டருக்கு நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன, சதுரங்கத்தில்கூட நல்ல ஆட்டங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆசிரியரின் வேலைக்கு மட்டும் அப்படி ஒரு வரலாறு கிடையாது, சக ஆசிரியர்கள் அதைப் பார்ப்பதும் கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஆரம்பப் பள்ளிகள்தான் ஞாபகம் வந்தன. முப்பது வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த ஒரு டீச்சர் ஓய்வு பெறும் நாளில் சால்வை போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், அவருக்குத் தெரிந்த அத்தனையும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. மறுவாரம் அதே அறைக்கு வரும் புது டீச்சர் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். இது எனக்குத் தாங்க முடியாத நஷ்டமாகத் தெரிகிறது.

அதனால் தினமும் எழுதச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்று, அரைப் பக்கம் போதும். அதுவும் முடியாத வாரத்தில் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை, இதன் பெரிய சௌகரியமே அதுதான்.

கேள்வி: எழுதலாம் சார், ஆனால் எனக்குக் கட்டுரை எழுதும் பழக்கமே இல்லை. கணக்கு வாத்தியார் நான். எழுத உட்கார்ந்தால் "கல்வி என்பது" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறேன்.
– பட்டதாரி ஆசிரியர், தருமபுரி

பதில்: அந்த வரியை அடித்துவிடுங்கள் சார், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கல்வியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் உங்கள் ஏழாம் வகுப்பில் நடந்ததை எழுத உங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

ஒரு பிள்ளை, ஒரு கணக்கு, ஒரு கேள்வி, அவ்வளவு சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் ஒரு பங்கு, இரண்டில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள் என்று வையுங்கள். அவள் சொன்ன காரணத்தை அவள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், உங்கள் வட்டாரப் பேச்சிலேயே இருக்கட்டும். அப்புறம் நீங்கள் என்ன எதிர்பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், அவள் பதிலைக் கேட்டதும் என்ன செய்தீர்கள், அது எடுபட்டதா இல்லையா, நாளைக்கு வேறு என்ன செய்து பார்க்கலாம் என்று இருக்கிறீர்கள். பேப்பரை மடித்துக் காட்டினீர்களா, சப்பாத்தியைப் பிய்த்துக் காட்டினீர்களா, அதைச் சொல்லுங்கள். எடுபடவில்லை என்றால் அப்படியே விட்டு நிறுத்திவிடுங்கள். முடிவு சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் எழுதாமல் போகிறார்கள்.

தமிழ்வழியில் சொல்லிக்கொடுப்பவர்கள் எழுத வேண்டிய விஷயம் வேறு எங்கேயும் கிடைக்காது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "நூற்றி ஐந்து" என்று சொன்னால் காதில் விழுந்தபடி நூறையும் எழுதி ஐந்தையும் எழுதி 1005 என்று எழுதும் பிள்ளை எல்லா மொழியிலும் உண்டு. ஆனால் தொண்ணூறு என்றால் நூறு மாதிரிக் கேட்கிறதே, தொள்ளாயிரம் என்றால் ஆயிரம் மாதிரிக் கேட்கிறதே என்று குழம்பும் பிள்ளை நம்மிடம் இருக்கிறது. கொம்பை எழுத்துக்கு முன்னால் எழுதிவிட்டு அதன் ஒலியைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதில் தடுமாறும் பிள்ளையும் நம்மிடம் உண்டு. ர, ற குழப்பத்துக்கும் ந, ன, ண குழப்பத்துக்கும் அவரவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். லண்டனில் அச்சாகும் எந்தப் புத்தகத்திலும் இதெல்லாம் வராது. நீங்கள் எழுதினால்தான் உண்டு.

தட்டச்சு தெரியாது என்று வேறு சிலர் எழுதியிருந்தீர்கள். போனில் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக்கித் தருகிறது. நாலு பிழை வரும், திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்றாக நடந்த பாடத்தை எழுதலாம். சொதப்பியதையும் எழுதச் சொல்கிறீர்கள். ஹெச்.எம். படிப்பார், பெற்றோர் படிப்பார்கள், "இந்த டீச்சருக்கே பாடம் நடத்தத் தெரியவில்லை" என்று பேச மாட்டார்களா?
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: கிஜுபாய் பதேக்கா தெரியுமா? குஜராத்தில் வக்கீலாக இருந்தவர், பிறகு அதை விட்டுவிட்டு 1920-இல் பாவ்நகரில் குழந்தைகளுக்காக ஒரு பாலர் பள்ளியைத் தொடங்கினார். அவர் கதை வடிவில் எழுதிய புத்தகம் தமிழில் "பகல் கனவு" என்று வந்திருக்கிறது. அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பைக் கையில் எடுக்கிறார், பெரிய திட்டங்களோடு முதல் நாள் உள்ளே போகிறார், எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக இருக்கும் விளையாட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறார், வகுப்பு முழுக்கக் கூச்சலும் கும்மாளமுமாகிவிடுகிறது. திட்டம் முதல் நாளே கவிழ்ந்துவிடுகிறது. அப்புறம் கதை சொல்ல ஆரம்பிக்கிறார், அதிலிருந்துதான் எல்லாம் பிடிபடுகிறது. அந்த முதல் நாளை மறைத்திருந்தால் அந்தப் புத்தகத்தை இத்தனை மொழிகளில் ஆசிரியர்கள் எடுத்துப் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். நமக்கு நம்பிக்கை வருவதே அந்த முதல் நாளில்தான்.

ஆனால் உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பள்ளிகளில் ஒரு பாடம் சரியாக வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் அது விளக்கம் கேட்கும் கடிதமாகத் திரும்பி வரும் என்ற பயம் உண்மையானது. அதனால் முதல் ஆறு மாதம் யாருக்கும் காட்டாமலே எழுதுங்கள். பிளாக்கரிலோ வேர்ட்பிரஸிலோ காசு கொடுக்காமல் ஒரு வலைப்பூ திறக்கலாம், அதை நீங்கள் மட்டும் பார்க்கும்படியும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நம்பிக்கையான இரண்டு பேருக்கு மட்டும். எல்லோருக்கும் திறப்பது கடைசியில்தான், அதுவும் நீங்கள் விரும்பினால். யோசித்துப் பார்ப்பதற்கு வாசகர்கள் தேவையில்லை. பகிர்ந்துகொள்ளத்தான் தேவை.

இன்னொன்று, சொதப்பியதை எழுதும்போது பழியைப் பிள்ளைகள் மேல் போடாமல் எழுதிப் பாருங்கள். "இந்த வகுப்பே மக்கு" என்று எழுதினால் படிப்பவர் உங்களைத்தான் சந்தேகப்படுவார். "நான் இப்படிக் கேட்டேன், அவர்களுக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது" என்று எழுதினால் எந்தப் பெற்றோரும் மரியாதையோடுதான் பார்ப்பார்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியன். இப்படிப் பொதுவெளியில் எழுதினால் நடவடிக்கை வராதா?
– திருச்சி வாசகர்

பதில்: தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று ஒன்று இருக்கிறது, ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் பொதுவில் விமர்சிப்பதற்கு அதில் தடை உண்டு. இடமாறுதல் கலந்தாய்வு, பஞ்சப்படி, சங்க அரசியல் இதெல்லாம் உங்கள் வகுப்பறை வலைப்பூவில் வர வேண்டாம். அவற்றைப் பேச வேறு இடங்கள் இருக்கின்றன. பின்னத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதுவது விமர்சனம் ஆகாது. இருந்தாலும் தொடங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், முடிந்தால் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் வேலையும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளின் போட்டோ, அவர்கள் சாதனை எல்லாம் போட்டால் அவர்களுக்கும் ஊக்கமாக இருக்குமே? ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் போடுகிறேன்.
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, மதுரை மாவட்டம்

பதில்: தயவுசெய்து வேண்டாம் டீச்சர். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆறு வயதில் "படிக்கத் தெரியாமல் இருந்தாள், இப்போது படிக்கிறாள்" என்று முகத்தோடு போட்ட பதிவு அந்தப் பெண்ணுக்கு இருபது வயது ஆகும்போதும் இணையத்தில் இருக்கும். கிழிந்த சட்டையோடு நின்ற பையனுக்கு நல்ல சட்டை வாங்கிக் கொடுத்து இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பையனிடம் யார் கேட்டார்கள்? 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் வெளியே தெரியும்படி எழுதுவது 2012-இன் போக்ஸோ சட்டப்படி குற்றம். வழக்கில் சிக்கிய அல்லது பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டக் கூடாது என்று 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு விஷயம் வகுப்பில் தெரியவந்தால் அது வலைப்பூவுக்குப் போக வேண்டிய விஷயமே இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போக வேண்டிய விஷயம்.

பெயரை மாற்றிவிட்டேன் என்று பலர் சமாதானம் சொல்வார்கள். முப்பது பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளியில் "அப்பா திருப்பூரில் வேலை செய்யும், பாட்டி வீட்டில் வளரும் நான்காம் வகுப்புப் பெண்" என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். வகுப்பை மாற்றுங்கள், வருடத்தை மாற்றுங்கள், குடும்ப விவரம் பாடத்துக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். சாதியைக் காட்டிக்கொடுக்கும் தெருப் பெயர், தொழில் எதுவும் வேண்டாம். நோட்டுப் புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடலாம், பெயர் தெரியாமல், அந்தப் பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டு. "உன் கணக்கைப் பற்றி எழுதட்டுமா?" என்று நாம் கேட்டால் பிள்ளைகள் எவ்வளவு யோசித்துப் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள், அதுவே இன்னொரு பதிவுக்கு விஷயம்.

கேள்வி: வலைப்பூ எல்லாம் பழைய கதை இல்லையா? எங்கள் ஒன்றியத்துக்கே வாட்ஸ்அப் குழு இருக்கிறது, எல்லாம் அதில்தான் பகிர்கிறோம்.
– ஆசிரியர் பயிற்றுநர், சேலம்

பதில்: அந்தக் குழுவில் போன வருடம் ஆகஸ்டில் ஒருவர் நல்ல யோசனை ஒன்று சொன்னாரே, அதை இப்போது எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, அரசாணை, அவசரமாக நிரப்ப வேண்டிய படிவம் எல்லாவற்றுக்கும் கீழே போயிருக்கும். போன் மாற்றினால் அதுவும் இல்லை. வலைப்பூவில் தேதி இருக்கிறது, தலைப்பு வாரியாகப் பிரித்து வைக்கலாம், தேடினால் கிடைக்கும், முன்பின் தெரியாத கூடலூர் டீச்சரும் யாழ்ப்பாணத்து ஆசிரியரும் அதைப் படிக்க முடியும்.

பழைய கதை என்கிறீர்கள், அந்தப் பழைய கதையில் ஆசிரியர்களுக்கு நல்ல பங்கு இருந்தது. 2004-இல் பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி வந்த பிறகு தமிழில் வலைப்பூ எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தபோது முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் நா. முத்துநிலவன், தமிழாசிரியர். அப்போது எழுதிய பலர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். இன்று ஆசிரியர்களுக்கான தமிழ்த் தளங்கள் என்று தேடினால் வருவதில் பெரும்பாலும் அரசாணையும் வினாத்தாளும் விடைக்குறிப்பும்தான். அவை தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு வகுப்பறையின் சத்தம் கேட்பதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் பதினொரு ஆசிரியர்கள். இவர்களை எழுத வைக்கத் தலைமை ஆசிரியையாக நான் என்ன செய்யலாம்? மாதம் இரண்டு பதிவு கட்டாயம் என்று சுற்றறிக்கை விடலாம் என்று நினைக்கிறேன்.
– தலைமை ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: சுற்றறிக்கை விட்ட அன்றே இது செத்துவிடும் அம்மா. மாதம் இரண்டு என்றால் இரண்டு வரும், இருபத்தொன்பதாம் தேதி ராத்திரி ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதியதாக வரும்.

முதலில் நீங்கள் எழுதுங்கள். தலைமை ஆசிரியை தனக்குப் புரியாத ஒன்றை, பிடிபடாத ஒரு பாடத்தை எழுதிக் காட்டினால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும், வேறு எந்த வழியிலும் வராது. ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேலாக ஒரு பழக்கம் உண்டு, ஜுக்யோ கென்க்யூ என்பார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசி அதை எழுதியும் வைப்பார்கள். கவனிப்பது ஆசிரியரை இல்லை, பிள்ளைகளை. அதனால் யாருக்கும் கூச்சம் வருவதில்லை. பதினொரு பேரில் மூன்று பேர் சம்மதித்தால்கூட இதை நீங்கள் செய்து பார்க்கலாம். பருவத்துக்கு ஒரு பாடம் போதும்.

யாராவது எழுதிக் காட்டினால் "சூப்பர்" என்று கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போகாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தப் பையன் மறுநாள் என்ன செய்தான்?" என்று நீங்கள் கேட்டால் அடுத்த பதிவு தானாக வரும். நன்றாக வந்ததை, அவர் சம்மதித்தால், பள்ளிக் கல்வித் துறை 2022-இல் ஆசிரியர்களுக்காகவே தொடங்கிய "கனவு ஆசிரியர்" இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முக்கியமாக, அவர் எழுதியதை வைத்து அவருடைய வேலையை எடை போடாதீர்கள். ஒரே ஒருமுறை செய்தால் போதும், யாரும் அதற்குப் பிறகு உண்மையை எழுத மாட்டார்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் வேலை. மாலை ஆறு மணி வரை விடுவதில்லை, பள்ளி விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.
– கோவை வாசகி

பதில்: வேலைக்கு ஆபத்து வரும்படி எதையும் செய்ய வேண்டாம் அம்மா. ஒரு சாதாரண நோட்டில், தேதி போட்டு, உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். பள்ளி மாறினாலும் அந்த நோட்டு உங்களோடு வரும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இனி எனக்கு வகுப்பும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. எழுத என்ன இருக்கிறது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, உங்களிடம்தான் அதிகம் இருக்கிறது. பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு 2007 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. மேசை நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்து அட்டைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்த தலைமுறை உங்களுடையது. அதைப் பற்றி அறிக்கைகள் இருக்கின்றன, பாராட்டும் திட்டும் நிறைய இருக்கின்றன. ஆனால் பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய கற்றல் ஏணியில் எந்தப் படியில் பிள்ளைகள் வாரக்கணக்கில் நின்றுபோனார்கள், எந்த அட்டையை எல்லோரும் விரும்பி எடுத்தார்கள், எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் உங்களைக் கூப்பிட்டபோது நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதெல்லாம் உங்களைப் போன்றவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்து ஒரே அறையில் மூன்று நிலைக்கும் பாடம் எடுக்கச் சொன்னபோது இளம் ஆசிரியர்கள் பட்ட பாட்டில் பாதிக்கு உங்களிடம் பதில் இருந்திருக்கும்.

அந்தக் குழு விஷயத்திலிருந்தே தொடங்குங்கள் ஐயா. பேரனோ பேத்தியோ வலைப்பூ திறந்து கொடுப்பார்கள். எழுதியதும் முகவரியை இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வையுங்கள், விழுப்புரம் டீச்சருக்கு நானே அனுப்பி வைக்கிறேன்.